கோப்பாய் சார்பில் ஒரு குறும்பா

அத்தான்,

இன்று காலை திருநெல்வேலிச் சந்தையில் ஒரு கதலிக்குலை வாங்கினேன். சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டும்போதே பழவாசம் மூக்கில் ஏறிவிட்டது. "கோப்பாயார், வீட்டிலை என்ன விசேசம்?" என்று கேட்டார் குலை விற்ற பெண். இந்த ஊரில் பெண் கட்டி வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. தலை நரைத்து, பல்லும் ஆடத் தொடங்கிவிட்டது. பெயர் மட்டும் இன்னும் கோப்பாயார்தான். எனக்குக் கோபம் வரவில்லை, உங்கள் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம் அப்படி. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். நீங்கள் உடுவிலில் இருந்து என் அக்காவைக் கட்டிக்கொண்டு கோப்பாய்க்கு வந்தீர்கள். நான் கோப்பாயில் இருந்து திருநெல்வேலிக்கு வந்தேன். எல்லாம் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஆனால் ஊரார் உங்களைக் கடல் தாண்டி வந்தவர் போலத்தான் கடைசிவரை 'உடுவிலார்' என்றார்கள்.

அந்தப் பெயரை நீங்கள் சிரித்துக்கொண்டே சுமந்தீர்கள். கோப்பாய் வாசிகசாலையின் ஆண்டுவிழாவில் குறும்பாப் போட்டி தொடங்கிய பிறகுதான் அது உங்களுக்கு எங்கே இடித்தது என்று எனக்குத் தெரிந்தது.

போட்டிக்குச் சட்டம் கொஞ்சம்தான். ஐந்தடிக்கு மேல் போகக்கூடாது. முதலடி ஊரின் பெயரில் முடியவேண்டும். அவரவர் தம் ஊரைத்தான் கேலி செய்யலாம், அடுத்தவர் ஊரில் கை வைக்கக்கூடாது. எந்தப் பாட்டுக்குச் சபை கூடுதலாகச் சிரிக்கிறதோ அதற்கு ஒரு வாழைக்குலை. வென்றவர் முதல் சீப்பை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே எல்லோருக்கும் பங்கிடவேண்டும். இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. கடைசிச் சட்டம்தான் வினை: தன் ஊர் என்றால் பிறந்த ஊர். ஊருக்குள் வந்த மாப்பிள்ளைமார் இணுவில், சுன்னாகம் என்று பிரிந்து மோதினால் கலகலப்பாக இருக்கும் என்பது வாசிகசாலைத் தலைவரின் கணக்கு. வெங்காயத் தோட்டக்காரர், குரல் மட்டும் நாலு ஏக்கருக்குக் கேட்கும். அந்தக் குரலில் அவர் என்னைக் "கோப்பாய் சார்பில்" என்று அழைப்பார். உங்களை "உடுவில் சார்பில்" என்று அழைப்பார்.

உங்கள் முதல் வருடத்துப் பாட்டு இப்படித் தொடங்கியது:

மாப்பிள்ளை நான்பிறந்த(து) உடுவில்;
மாட்டிக்கொண்டேன் இரண்டூருக்கு நடுவில்...

சபை சிரித்தது, குலை வேறொருவருக்குப் போனது. அடுத்த வருடமும் நடுவில், அதற்கடுத்த வருடமும் நடுவில்.

அந்த மூன்றாம் வருடம் விழா முடிந்து திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே பொரிந்து தள்ளினீர்கள். "மச்சான், நீர் திருநெல்வேலியிலை சோறு தின்னுறீர், கோப்பாய்க்குப் பாட்டெழுதுறீர். நான் கோப்பாயிலை சோறு தின்னுறன், உடுவிலுக்குப் பாட்டெழுதுறன். என்ன ஞாயம் உது?"

"விளையாட்டுத்தானே அத்தான்."

"ஓம், விளையாட்டுத்தான். அதிலையும் என்னை வெளியிலை விடுறாங்களே, அதுதான் ஏறுது."

நீங்கள் சொன்னது சரி. சண்டைக்குள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் கிடந்து திரும்பிய காலத்தில், பிறந்த வீடு என்ன ஆனது என்று பார்க்க உடுவிலுக்குப் போகாமல் நேரே கோப்பாய்க்கு வந்தவர் நீங்கள். வாசிகசாலைக்குள் முளைத்திருந்த பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்து, ஒரு பழைய பத்திரிகையை மேசையில் விரித்துவைத்து, "வாசிகசாலை திறந்தாச்சு" என்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போனதும் நீங்கள்தான். அந்த மேசைக்குப் பின்னால் நின்றுதான் தலைவர் உங்களை உடுவிலுக்கு அனுப்பினார்.

அடுத்த விழாவில் "உடுவில் சார்பில்" என்று கூப்பிட்டபோது நீங்கள் எழும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் எழும்பி நின்றீர்கள். மடிப்புக் கலையாத வேட்டி, சட்டைப் பையில் துண்டுக் கடதாசி. "இண்டைக்கு நான் உடுவிலுக்கு இல்லை, தலைவர். கோப்பாய்க்கு."

"உடுவிலார், சட்டம் சட்டம்தான்."

"சட்டம் உங்கை இருக்கட்டும். பாட்டைக் கேளுங்கோ."

கடதாசியை எடுக்கவேயில்லை. சபையைப் பார்த்துச் சொன்னீர்கள்:

பெண்ணெடுத்து வந்தஊர் கோப்பாய்;
பேரன்வந்தும் எனைநீ பார்ப்பாய்
'உடுவிலான்' என்று.
உடல்வேகும் அன்று
'எந்தஊர் ஆள்?'என்று கேட்பாய்!

சிரிப்பதா, வெட்கப்படுவதா என்று சபையில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா சிரித்தார். நீங்கள் எத்தனையோ தரம் வர்ணித்து அவரிடம் ஏச்சு வாங்கிய அதே கொக்கரிப்பு. அதோடு எல்லாம் உடைந்தது. வாங்குப் பலகையில் இருந்தவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். தலைவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குலை உங்களுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் கண்ணைத் துடைத்து, தொண்டையைச் செருமி, ஒலிவாங்கியைப் பிடித்து அறிவித்தார்: "முதற்பரிசு, உடுவில்!"

சபை மறுபடி சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள். ஆனால் குலையைத் தூக்கும்போது என்னிடம் மெல்லச் சொன்னீர்கள், "பழம் தந்திட்டாங்கள் மச்சான். ஊரைத் தரேல்லை." பிறகு ஒருவரையும் விடாமல் பழம் பங்கிட்டீர்கள். தலைவருக்கு இரண்டு. உங்களுக்கென்று எடுத்த முதல் சீப்பும் வீட்டுக்குப் போகவில்லை.

அந்தப் பாட்டு மளமளவென்று பரவியது. மினிபஸ்ஸில் நடத்துநர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் அத்தானின் பாட்டு என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்கவேயில்லை, நானாகத்தான் சொன்னேன்.

அதற்கடுத்த விழா வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். மரண அறிவித்தலை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். 'உடுவிலைப் பிறப்பிடமாகவும் கோப்பாயை வதிவிடமாகவும் கொண்ட' என்று வழக்கப்படி எழுதிவிட்டு, நடுவில் மாட்டிக்கொண்ட உங்களை நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே அழுகையும் வந்தது.

செத்தவீட்டன்று நான் ஒழுங்கை முகப்பில் நின்றேன். தலைவரும் பக்கத்தில் நின்றார். தூரத்திலிருந்து வந்த ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "உடுவிலாற்றை செத்தவீடு இஞ்சாலையோ?" என்றார்.

நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். தலைவர் முந்திக்கொண்டார். அந்த நாலு ஏக்கர்க் குரலை அன்று தாழ்த்திக்கொண்டார்.

"உடுவிலாரோ? அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லைத் தம்பி. செத்தது எங்கடை கோப்பாய் ஆள். நேரை போங்கோ."

வந்தவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். தலைவர் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மனிசன் பாட்டிலை சொன்னபடியே கேட்டிட்டாங்கள், பாத்தீரே," என்றார். அந்தத் துக்கத்துக்குள்ளும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அத்தான். சபையில் நீங்கள் கேட்ட கேள்வி அந்த மனிதரை விடாமல் துரத்தி, மறுமொழியோடு உங்கள் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. ஐந்தடியில் இப்படிச் செய்ய எத்தனை பேரால் முடியும்? என் அத்தானால் முடிந்தது.

இப்போது குலைக்கு வருகிறேன். நாளைக்கு இங்கே திருநெல்வேலி வாசிகசாலையில் முதலாவது குறும்பாப் போட்டி. ஆள் மாறி ஆள் கெஞ்சி நான்தான் ஒழுங்கு செய்தேன். சட்டமெல்லாம் நம்முடைய சட்டம்தான், கடைசியைத் தவிர. தன் ஊர் எதுவென்று எழுதுபவரே சொல்லட்டும். வேறு யாரும் கேட்கக்கூடாது. என் பாட்டின் முதலடி திருநெல்வேலியில் முடிகிறது. குலைக்காரி என்ன சொல்லப்போகிறாரோ தெரியாது.

ஆனால் என் பாட்டுக்கு முன்னால் உங்கள் பாட்டு. அதை வாசித்துத்தான் தொடங்குகிறோம். அறிவிக்கப்போவது பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை, உங்களைக் கண்டதேயில்லை. இன்று பின்னேரம் ஒத்திகைக்குக் கூப்பிட்டு, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, உங்கள் பெயரையும் அதற்கு முன்னால் வரவேண்டியதையும் சொல்லிக்கொடுத்தேன். வெறும் மண்டபத்தில் அவள் உரத்துச் சொன்னாள்:

"கோப்பாய் சார்பில்..."

இன்னொருக்கால் சொல்லு பிள்ளை என்றேன்.