பதினேழாவது கையெழுத்து

லக்ஷ்மண் நிவாஸ், கிர்காவ், மும்பை
25-1-1998, ஞாயிறு

சிரஞ்சீவி உதய்க்கு அம்மா மனதார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது, அங்கே ஹாம்பர்க் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பதே எனக்குக் கவலை. அனுப்பிய ஸ்வெட்டர் சரியாக இருக்கிறதா என்று நீ இன்னும் எழுதவில்லை. அது கிடக்கட்டும். உன் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள் உதய். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

நம் கட்டிடத்தைப் பழுதுபார்க்கும் சண்டைதான். உத்தரம் எல்லாம் உளுத்துப்போய்விட்டது, உனக்குத் தெரியும், போன மழையில் முதல் மாடி வராந்தாவில் ஒரு கைப்பிடிச் சுவரே விழுந்தது. வீட்டுக்காரர் விஜய்கர் எல்லாரும் ஒன்றரை வருஷம் காலி செய்யுங்கள், புதுசாக்கி, ஒவ்வொரு அறைக்குள்ளும் கக்கூஸ் வைத்து, மேலே இரண்டு மாடி ஏற்றித் திரும்பக் கூப்பிடுகிறேன் என்கிறார். வாயால் என்கிறார். திரும்ப அதே அறை கிடைக்கும் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறோம் என்பது குடியிருக்கும் நம் கட்சி. இருபத்துநாலு வீட்டில் பதினேழு வீடு சம்மதித்தால் அவருக்குப் போதும். பதினாறோடு நின்றுபோயிருந்தது, மீதி எட்டு வீடும் அசையவில்லை. அந்த எட்டையும் கட்டிக் காத்தவர் நம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் மாதவ்ராவ், பக்கத்து வீட்டு நளினியின் கணவர்.

நளினி பேரை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அவளுக்கு மூலை அறை, இரண்டு பக்கமும் வெளிச்சம். நமக்குப் பகலிலும் விளக்கு. அவள் பிள்ளை ஆறரை மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் எனக்குக் கேட்கும், உள்ளேயிருந்து அவள் டீ வைக்கட்டுமா என்று கேட்பதும் கேட்கும். போன மே மாதம் அவனுக்குக் கல்யாணமும் ஆகி, மேதா என்று ஒரு மருமகள், வங்கியில் வேலை. நான் தினமும் ஒரு கப் டீ போட்டு ஒருத்தியாகக் குடிக்கிறேன். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சங்கராந்திக்கு இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் மனைவி கீழே தன் கூடத்தில் மஞ்சள் குங்குமத்துக்குக் கட்டிடத்துப் பெண்களை எல்லாம் அழைத்தாள். உன் அப்பா போன பிறகு என்னை யார் அழைப்பார்கள்? வராந்தாவில் அரிசி பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டுப் புடவையும் மல்லிகையுமாக ஒவ்வொருத்தியாக மேலே வந்தார்கள், கையில் எள்ளுருண்டை, அதோடு வைத்துக் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. எல்லாருக்கும் அதே சோப்பு டப்பா. கடைசியில் நளினி வருகிறாள், அவள் கையில் மட்டும் மூடி போட்ட பெரிய எவர்சில்வர் டப்பா, பளபளவென்று! என்னைப் பார்த்ததும் முந்தானையால் மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், எனக்குள் தீ பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் வீட்டில் இவளுக்கு மட்டும் என்ன தனி மரியாதை? கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அதற்குக் கூலி இது என்று நானே முடிவு கட்டினேன்.

முடிவு கட்டியதோடு விட்டேனா? மறுநாள் காலை பொதுக்குழாயடியில், ஏண்டி, செயலாளர் வீட்டுக்கு எவர்சில்வர், நமக்கெல்லாம் சோப்பு டப்பாவா, இதுல ஏதோ இருக்குன்னு தோணலையா என்று கேட்டேன். கேட்டேன், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் மூன்று மாடியும் சுற்றி, போட்டாச்சாமே என்று என்னிடமே திரும்பி வந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை உதய், பார்த்தாயா நான் சொன்னது சரி என்றுதான் தோன்றியது.

அதற்கு மறுநாள் வாடகை வாங்க வரும் குமாஸ்தா காய்க்வாட் அண்ணி முறை கொண்டாடிக்கொண்டு வந்தான். வஹினி, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, நீங்க போட்டீங்கன்னா புதுக் கட்டிடத்துல அந்த மூலை அறையை உங்களுக்கே தரச் சொல்றேன் என்றான். எந்த மூலை அறை என்று கேட்டேன். அதான், மாதவ்ராவ் இருக்காரே அது என்றான். அவங்க போட்டுட்டாங்களா என்று கேட்டேன். சிரித்தான், அதெல்லாம் நான் சொல்லலாமா வஹினி என்றான். அந்தச் சிரிப்பை நான் எனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டேன். வாடகை ரசீது உன் பேரில் இருப்பதால் உதய் திவேகருக்காகத் தாயார் குசும் என்று போட்டுக் கொடுத்தேன். அன்று ராத்திரி அந்த மூலை அறையில் உன் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

புதன்கிழமை மாடிப்படியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினேழு வீடு சம்மதம், மார்ச் முப்பத்தொன்றுக்குள் அனைவரும் காலி செய்ய வேண்டும். பேர் எதுவும் இல்லை. திரும்ப அறை தருவதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பேர் இல்லாவிட்டால் என்ன, எல்லாரும் நளினி வீட்டுக் கதவைத்தான் பார்த்தார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள். மூன்றாம் மாடித் தாம்ஹன்கர், மனுஷனாய்யா நீ, எங்க பசங்களைத் தெருவுல நிறுத்திட்டியே என்று மாதவ்ராவின் முகத்துக்கு நேரே கேட்டான். அவர் சங்கத்துச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், எழுதுகிறேன், சந்தோஷமாக இருந்தது.

நேற்று மேதா வந்தாள், என்னைச் சித்தி முறையில் காக்கு என்றுதான் கூப்பிடுவாள். கையில் அந்த டப்பா, நிறையக் கடலைமாவு லட்டு. காக்கு, எனக்கு முதல் சங்கராந்தின்னு இதை வச்சுக் கொடுத்திருக்காங்க, எனக்கு அன்னிக்கு வங்கியில லீவு கிடைக்கலை, அத்தைதான் வாங்கிட்டு வந்தாங்க, உங்களைக் கூப்பிடாத இடத்துல வாங்கினதை உங்க கண்ணுல காட்ட அவங்களுக்கு மனசே வரலை என்றாள். புது மருமகளுக்கு முதல் வருஷம் பெரிய சாமானாகக் கொடுப்பது எனக்குத் தெரியாதா? உன் பாட்டி காலத்திலிருந்து பார்த்தவள்தானே. அந்தக் கூடத்தில் நான் இருந்திருந்தால் காதால் கேட்டிருப்பேன். இல்லை, அதையும் சாக்காகச் சொல்ல மாட்டேன், நினைத்துப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை, அதுதான் உண்மை. அவர்கள் கையெழுத்துப் போடவே இல்லை. போட்டிருந்தால் அப்போதே பதினேழு ஆகியிருக்கும், காய்க்வாட் என்னிடம் வந்திருக்கவே மாட்டான், அந்தக் கணக்கைக்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை. பதினேழாவது நான்.

இப்போது நீ செய்ய வேண்டியது. ரசீதுக்காரன் நீ, உன்னைக் கேட்காமல் நான் போட்டது செல்லாது என்று நீ உன் கையால் எழுதிக் கொடுத்தால் அந்தச் சம்மதம் விழுந்துவிடும் என்று சங்கத்து வக்கீல் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார், யாருக்காகக் கேட்டேன் என்று அவருக்குத் தெரியாது. போனில் சொன்னால் நடக்காது, கடிதம் வேண்டும். முதலில் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதினேன், வீட்டுக்காரருக்கு மட்டும் நேராக அனுப்பிவிடு, காதும் காதும் வைத்தாற்போல் முடியட்டும் என்று. காலையில் அதைக் கிழித்துப்போட்டேன். அப்படிச் செய்தால் கட்டிடம் தப்பிக்கும், நளினி தப்பிக்க மாட்டாள்.

நானே போய்ச் சொல்லிவிடலாம்தான். இரண்டு தடவை அவள் வாசல் வரை போனேன். உள்ளே அவர்கள் நாலு பேரும் சேர்ந்து சாப்பிடுகிற சத்தம், திரும்பி வந்துவிட்டேன். இவ்வளவு நடந்த பிறகும் அந்த நாலு தட்டுச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை என்றால் நான் என்ன ஜென்மம் சொல்லு.

அதனால் கடிதத்தை மாதவ்ராவ் பேருக்கே பதிவுத் தபாலில் அனுப்பு. பிப்ரவரி இருபத்திரண்டு ஞாயிறு சங்கத்துக் கூட்டம், அதற்குள் வந்து சேர வேண்டும், தள்ளிப்போடாதே. கையெழுத்துப் போட்டது என் தாயார், நளினி வீட்டைப் பற்றிக் கிளப்பிவிட்டதும் அவள்தான் என்று இரண்டையும் எழுது. என்னைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு வார்த்தை சேர்க்காதே. எல்லார் முன்னாலும் மாதவ்ராவ் அதைச் சத்தமாகப் படிக்கட்டும். நான் நளினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நூறு வயசு நன்றாயிரு.

உன் அம்மா,
குசும் திவேகர்