பஞ்சு மூட்டைக்கு அழுதவள்

மார்ச் 3, திங்கள்

சின்னம்மணி, பாப்பா தூங்கிவிட்டது. நாம் போனில் பேசுகிற நேரம் இது. பேச நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் கையெழுத்து, கோழி கிளறினது போல் இருக்கிறது.

உன் கருமாதி நேற்று முடிந்ததாம். நான் இன்னும் ஷாங்காயில்தான், மகள் லோகு வீட்டில். பிரசவம் பார்க்க வந்தவள். ஆபரேஷன் செய்த உடம்பு, பச்சைப்பிள்ளை, விட்டுவிட்டு வர முடியவில்லை. இது நிஜமா, சாக்கா?

மார்ச் 5

உன்னை எடுத்ததைப் போனில்தான் பார்த்தேன். மைக் செட் வைத்து, கூலிக்கு வந்த ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். உன் நாத்தி போனை உன் முகத்துக்கு நேரே பிடித்து, "பாத்துக்க ராசாத்தா, கடசியா ஒருக்கா பாத்துக்க" என்றாள். இங்கே தொட்டிலில் பாப்பா. சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். கூடப்பிறந்தவள் போனதுக்கு ஊமையாய் நின்றேன்.

மார்ச் 9

யார் முன்னால் போனாலும் மற்றவள் பாடி அழுவது என்று பேசி வைத்திருந்தோமே. ஊரில் எந்த இழவிலும் உன் குரல்தான் முதல் குரல். என் குரலைக் கேட்டால் உனக்குக் கேலி. "அக்கா, நீ பாடுனா செத்தவளே எந்திரிச்சு ஓடிப்போயிருவா!"

மார்ச் 15, சனி

எழுதவே கை கூசுகிறது.

"ஊட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்கறீங்களே, வாங்க அத்தை" என்று மாப்பிள்ளை கவின் கூட்டிப்போனார். வாய்க்கால் ஓரம் ஒரு பழைய பஞ்சாலை. கூரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நம் அய்யன் வேலை பார்த்த மில்லுக்கும் இதே ரம்பப்பல் கூரைதான். இங்கே இப்போது நூல் ஓட்டுவதில்லை. கூடத்துக்குக் கூடம் கலைஞர்கள் எதையாவது செய்து வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த சைக்கிள்களை அடுக்கி ஒரு கோபுரம். ஓர் அறை முழுக்க வெறும் நீலம்.

"இது எதுக்கு அம்மணி?"

"பாக்கறதுக்குத்தாம்மா" என்றாள் லோகு.

பாப்பாவுக்குத் துணி மாற்ற அவர்கள் ஒதுங்கினார்கள். நான் அடுத்த கூடத்தை எட்டிப் பார்த்தேன். நடுவில் கட்டில். தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி மூடி ஆள் கிடந்தது. தலைமாட்டில் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள், உன் வயசு இருக்கும். அவளும் வெள்ளை உடுத்தியிருந்தாள், தாலியறுத்த என்னைப் போலவே. சனங்கள் சுவரோரம் கைகட்டி நிற்கிறார்கள். ஒருத்தராவது போய் அவளைத் தொட வேண்டுமே! இந்த ஊரில் இழவை இப்படித்தான் வைப்பார்கள் போல என்று நினைத்துவிட்டேன். இழவு வீட்டில் யாரைக் கேட்டுக்கொண்டு நுழைவோம்? செருப்பைக் கழற்றிப்போட்டு, நேரே போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அவ்வளவுதான். முந்தானைக்குள் அடைத்ததெல்லாம் வந்துவிட்டது.

குளம் நெறஞ்ச வருசத்துல — என் பொறப்பே
கொடம் ஒடைக்க வெச்சாயே...

மாரில் அடித்துக்கொண்டேன். சின்னம்மணி சின்னம்மணி என்று கத்தினேன். கட்டில் மேல் விழுந்தேன். துணி நழுவியது. உள்ளே பஞ்சு மூட்டை.

சனங்கள் கை தட்டினார்கள்.

இழவு என்று நான் நினைத்தது கலைஞர்கள் நடித்துக் காட்டும் ஆட்டமாம். சனங்கள் கண்ணுக்கு நானும் அந்த ஆட்டத்தில் ஒருத்தி. லோகு ஓடிவந்து, "அம்மா! எந்திரிம்மா, மானம் போகுது" என்றாள். அந்தப் பெண் மட்டும் கை தட்டவில்லை. நான் எழுந்த பிறகும் என் விரலை விடவில்லை.

மார்ச் 16

லோகு பேசவில்லை. சோறு மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

மார்ச் 19

யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். இங்கிருக்கும் தமிழ்க்காரர் ஒருத்தர் பார்த்து மாப்பிள்ளைக்கு அனுப்ப, எப்படியோ நம் ஊர் அன்னூர் வரைக்கும் போய்விட்டது. உன் நாத்தி குரல் பதிந்து அனுப்பியிருக்கிறாள்: "ஏனுங்க ராசாத்தா, சொந்தத் தங்கச்சிக்கு வாயத் தொறக்கல, சீனாக்காரி ஊட்டுப் பொணத்துக்கு மாரடிக்கறீங்களாமா?"

பொணம்கூட இல்லை அம்மணி, பஞ்சு மூட்டை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 21

அந்தக் கூடத்துக்காரர்கள் கேட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து அழ முடியுமா, கூலி தருகிறோம் என்று. மாப்பிள்ளை தயங்கித் தயங்கித்தான் சொன்னார். லோகு அவர்மேல் பாய்ந்தாள்: "எங்கம்மா என்ன கூலிக்கு மாரடிக்கறவளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவமானத்தால் என்று அவள் நினைத்திருப்பாள். எனக்குப் போக வேண்டும்போல் இருந்தது. கூலிக்கு இல்லடி. அங்க ஒருத்தரும் வாய மூடுன்னு சொல்ல மாட்டாங்க. இத யார்கிட்ட சொல்லுவேன்?

மார்ச் 23, ஞாயிறு

போகவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்தான் ஓடியது.

ஏப்ரல் 12, சனி. அன்னூர்

வந்துவிட்டேன். உன் வாசலில் பொம்பளைகள் காத்திருந்தார்கள், நான் எப்படி அழுகிறேன் என்று பார்க்க. ஒவ்வொருத்தியாகக் கட்டிப்பிடித்தேன். ஒரு சொட்டு வரவில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான்.

"அங்க அழுத கண்ணு இங்க காஞ்சுபோச்சாட்ட இருக்குது" என்றாள் உன் நாத்தி. ரெண்டு பேர் சிரித்தார்கள். மண்ணுக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

உன் வீட்டுக்காரர் நஞ்சுண்டன் உள்ளேயிருந்து வந்தார். பாதியாய் இளைத்திருக்கிறார். தன் அக்காவை, அதுதான் உன் நாத்தியை, ஒரு பார்வை பார்த்தார்.

"மைக் செட்டுக்காரி செத்தவ பேரையே மாத்திச் சொல்லிப் பாடுனா. நீ பக்கத்துலதான நின்ன?" என்றார்.

முறை வைத்துக் கூப்பிட்டு என்னிடம் திரும்பினார். "நங்கையா, நீங்க அழுத வீடியோவ நான் அழிக்கலீங்க. அதுல மட்டுந்தான் அவ பேரு சரியா இருக்குது."

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு, உன் கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகப் பாடிப் பார்த்தேன். அதே கரகரக் குரல். உனக்குப் பிடிக்காத அதே மெட்டு.

பாடினேனே சின்னம்மணி. கடல் தாண்டிப் பாடினேன், இங்கேயும் பாடிவிட்டேன். செத்தவளே எந்திரிச்சு ஓடிருவான்னு சொன்னியே, ஏன் நீ எந்திரிக்கல?