சம்பந்தி கொடுக்கப்போகும் குதிரை

கராகோல்,
ஏப்ரல் 14

அன்புள்ள உம்சுனைக்கு,

இங்கே நானும் நம் மகள் எல்னுராவும் சுகம். கூரையும் சுகம்; குளிர்காலத்தில் ஒழுகிய இடத்தில் தகரம் அடித்தாயிற்று. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? மாஸ்கோ ஆஸ்பத்திரிச் சமையலறையில் அந்தப் பெரிய அண்டாவை நீ தனியாகத் தூக்கக் கூடாது என்று நான் சொன்னதாக உன் மேலதிகாரியிடம் சொல். நான் யார் என்று கேட்டால் மட்டும் சொல்லாதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பேசுவதை உன் அறையிலிருக்கும் ஏழு பெண்களும் கேட்கிறார்கள். போன வாரம் நான் தும்மியதற்கு உன் பின்னாலிருந்து யாரோ ‘நூறாயுசு’ என்றாள். இது அந்த ஏழு பேரும் கேட்கக் கூடாத விஷயம். அதனால்தான் மாஸ்கோவுக்கு வரும் பக்கத்து வீட்டு ஜாமிலாவிடம் உலர்ந்த வாதுமைப்பழ மூட்டைக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். உறையில் மூன்று இடத்தில் பசை போட்டிருக்கிறேன். பிரிந்திருந்தால் அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.

மார்ச்சில் சம்பந்தி வீட்டார் கொச்கோரிலிருந்து வந்து எல்னுராவுக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்துவிட்டுப் போன கதையை உனக்குச் சொன்னேன். எல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர.

சம்பந்தி ஷார்ஷென் எண்பது குதிரை வைத்திருக்கிற மனிதர். ஜூனில் நாம் அவர் வீட்டுக்குப் போகும்போது வழக்கப்படி பெண்ணின் அப்பாவுக்கு அங்கி போர்த்தி, ஒரு குதிரை கொடுத்து, ஊரார் முன்னால் அதில் ஏற்றிவிடுவார்கள் இல்லையா? சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மரியாதையாகக் கேட்டார்: “எப்படிப்பட்ட குதிரை வேணும் சம்பந்தி? குலுங்காம நடக்கிற ஜோர்கோ ஒண்ணு இருக்கு, அத தரட்டுமா?” அதற்கு நான், “அதெல்லாம் கிழவிங்களுக்கு. நமக்குக் கொஞ்சம் நெருப்பு இருக்கணும்” என்றேன். சத்தியமாக நான் சொல்லவில்லை உம்சுனை, என் வாய் சொன்னது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து கிராமம் கிராமமாக நெருப்புள்ள குதிரை தேடுகிறாராம்.

நான் ஆறு வயதில் மாமாவின் மேய்ச்சல் நிலத்தில் குதிரைச் சேணத்தின் அங்கவடியில் கால் மாட்டி ஓடைவரை இழுபட்டதும், அதற்குப் பிறகு எதிரே குதிரை வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவதும் உனக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஊரில் அதற்கு எத்தனை முறை தெரு கடக்க வேண்டும் என்று யோசித்துப் பார். நம் ஆட்களிடம் குதிரை ஏறத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. ரொட்டி மெல்லத் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா? என்னிடம் பல்செட் செய்ய வருகிறவர்களிடம் நான் கேட்பேன், அது வேறு.

என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கவலையில்லை. ஆனால் செப்டம்பரில் எல்னுரா அந்த வீட்டுக்கு வாழப் போகிறாள். ஒரு மருமகளுக்கு முதல் வாரத்தில் ஒட்டும் கதை சாகும்வரை உரியாது. தபால்காரர் மருமகள் வந்த அன்று ரொட்டியைக் கருக்கினாள். இப்போது அவளுக்குப் பேரன் பிறந்துவிட்டான், இன்னும் அவள் பெயர் ‘கரிரொட்டி’. அந்தப் பெயரை வைத்தவன் நான் என்பதால்தான் எனக்கு இவ்வளவு பயம். ‘பொய்யளந்து குதிரையிலிருந்து உருண்டவன் மகள்’ என்று நம் பெண்ணுக்குப் பெயர் வந்தால்?

முதலில் என் சித்தப்பா மகன் மாராத்திடம் ரகசியமாகக் கேட்டேன். “ஏறி உக்காரு. அவ்வளவுதான்” என்றான். பிறகு? “பிறகு என்ன, போ.” இந்த ஊரில் எல்லோரும் நடை பழகும்போதே சேணத்தில் ஏறியவர்கள். எப்படிக் கற்றோம் என்று ஒருவருக்கும் நினைவில்லை. கற்றுக்கொள்வதற்கு ஒரு தொடக்கம் உண்டு என்று தெரிந்தவள் பெர்மெத் ஒருத்திதான். பந்தய மைதானத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் குதிரையேற்றம் சொல்லித் தருகிறாளே, அவள். அவள் அப்பாவின் மேல்வரிசைப் பற்கள் நான் செய்தவை. அந்த உரிமையில் போய் நின்றேன்.

என்னை ‘பாய்கே’ என்றுதான் கூப்பிடுகிறாள். மகள் வயதுக்காரிக்கு அண்ணனாகிவிட்டேன். குதிரையைக் காட்டுவாள் என்று பார்த்தால் ஒரு நோட்டை நீட்டினாள். “முதல்ல இலக்கு எழுதுங்க பாய்கே.” நான் ‘சம்பந்தி வீட்டார் சிரிக்கக் கூடாது’ என்று எழுதினேன். அடித்துவிட்டாள். “சிரிக்கிறது அவங்க வாய். அதுக்கு நாம எப்படி இலக்கு வைக்கிறது? உங்க கால், உங்க முதுகு, உங்க மூச்சு, இதுல ஏதாவது எழுதுங்க.” நான்கு கால் பாய்ச்சலில் போக வேண்டும் என்று எழுதினேன். அதையும் அடித்தாள். “இன்னிக்குச் செய்யக்கூடியதா எழுதுங்க.” கடைசியில் அவளே எழுதினாள்: ‘குதிரையின் கழுத்தில் கை வைத்துப் பத்து மூச்சு விடுவது.’

நான் பெரிதாகச் சிரித்தேன். அந்தப் பத்து மூச்சுக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

பயப்படாதே. மருந்து போட்டுக்கொண்டு சீக்கிரம் தூங்கு.

உன்,
எசென்


மே 6

அன்புள்ள உம்சுனைக்கு,

உன் பதில் கிடைத்தது. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் திட்டு. முத்து முத்தான கையெழுத்து. படிக்கச் சுகமாக இருந்தது.

நான் கற்கும் குதிரையின் பெயர் சேர்மன். பத்தொன்பது வயது. எந்த வேலையும் செய்யாமல் எல்லோரிடமும் மரியாதை வாங்குவதால் அந்தப் பெயர். இப்போது நடையில் திருப்ப வருகிறது, நிறுத்த வருகிறது. ஓட்டநடைதான் பாடாய்ப் படுத்துகிறது. சேர்மன் மேலே போகும்போது நான் கீழே வருகிறேன், அவன் கீழே போகும்போது நான் மேலே போகிறேன்; நடுவில் சந்திக்கும் இடம் எதுவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரமாக நின்றுகொண்டே பல்செட் செய்கிறேன்.

பெர்மெத் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே ஓர் இலக்குதான் தருவாள். ‘கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காமல் மைதானத்தை ஒரு சுற்று.’ ‘தரையைப் பார்க்காமல், காதுகளுக்கு நடுவே பார்த்து ஒரு சுற்று.’ செய்தால் நோட்டில் ஒரு குறி. இல்லாவிட்டால் மறுநாளும் அதே. திட்டவே மாட்டாள், அதுதான் கொடுமை. நேற்று, “ஏம்மா, ஒரு நாள்ல ரெண்டு இலக்கு வெச்சா என்ன? ஜூன் வந்துடும்” என்றேன். “பாய்கே, நீங்க ஒரு பல்லு வார்க்கும்போதே பக்கத்துப் பல்லையும் பிடுங்குவீங்களா?” என்று கேட்டாள்.

இப்போது நடந்த ஒரு கூத்தைக் கேள். நான் வெளிநாட்டுக்காரர்கள் வரும் வேளையில்தான் போகிறேன். கறுப்புக் கண்ணாடி, பெரிய தொப்பி. போன செவ்வாய் பால்காரி வேலியோரம் நின்று, “ஐயோ, எசென் பாய்கே இல்ல? இங்க என்ன பண்றீங்க?” என்று கத்தினாள். அப்போது நான் சேர்மன் பக்கத்தில் நின்றிருந்தேன், நல்ல காலம். “குதிரைக்குப் பல்லு பாக்க வந்தேன்” என்றேன். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க, எசென் குதிரைக்கும் பல்செட் கட்டுகிறான் என்று செய்தி. மறுநாள் காலை ஒரு கிழவர் முப்பது வயதுக் குதிரையை என் கடை வாசலில் கட்டிவிட்டு, “கீழ்வரிசை மட்டும் போதும் தம்பி, மேல இன்னும் ரெண்டு இருக்கு” என்றார். அவரை அனுப்பிவைக்க மூன்று கோப்பை தேநீர் ஆயிற்று.

எல்னுராவுக்கு இன்னும் தெரியாது. “அப்பா, ஏன் வாத்து மாதிரி நடக்கிறீங்க?” என்று கேட்டாள். வயசு என்றேன். நம்பிவிட்டாள், அதுதான் வருத்தம்.

இந்த வார இலக்கு, தரையிலிருந்து நானாக ஏறுவது. ஒரே மூச்சில் உந்தி, காலை வீச வேண்டும். பாதியில் யோசித்தால் பாதியில் தொங்குவோம் என்கிறாள் பெர்மெத். பாதியில் தொங்குவது எப்படி என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். வீட்டில் கார் கொட்டகை உத்தரத்தில் கயிறு கட்டித் தினமும் அறுபது தடவை உந்திப் பழகுகிறேன். உந்துதலில் குறையில்லை. பெர்மெத்தே, “பாய்கே, கொஞ்சம் மெதுவா, சேர்மன் மிரளப் போறான்” என்றாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் விளையாட்டுப் பாராட்டு அது.

உன் முதுகுக்கு அவர்கள் கொடுத்த பட்டையைக் கட்டிக்கொள்கிறாயா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

உன்,
எசென்


ஜூன் 17

அன்புள்ள உம்சுனைக்கு,

விருந்து நல்லபடியாக நடந்தது என்று எல்னுரா போனில் சொன்னபோது இடையிடையே சிரித்தாள் அல்லவா? அது ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

இரண்டு காரில் போனோம். பெர்மெத்தைத் தூரத்துச் சொந்தம் என்று கூட்டிப் போனேன். ஊரே கூடியிருந்தது. சாப்பாட்டை முடித்து, எனக்கு வேலைப்பாடு செய்த அங்கியைப் போர்த்தி, வெள்ளைத் தொப்பி வைத்து, முற்றத்துக்கு அழைத்து வந்தார்கள். அங்கே நின்றது நெருப்பு. செங்கபில நிறம், ஐந்து வயது, காதுகள் கத்தரிக்கோல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் பெர்மெத் உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினாள், மூச்சு என்று அர்த்தம். பத்து மூச்சு விட்டேன். அங்கவடியில் கால் வைத்தேன். யோசிக்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு, நாற்பது நாள் பழகிய பலத்தையெல்லாம் சேர்த்து உந்தினேன்.

அதே நொடியில் மாப்பிள்ளையின் தம்பிகள் இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

மரியாதைக்குரிய விருந்தாளியைக் கைத்தாங்கலாக ஏற்றிவிடுவதுதானே நம் வழக்கம்! நூறு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. வெளிநாட்டுக்காரர்களை யாரும் தூக்குவதில்லை என்பதால் பெர்மெத்துக்கும் தோன்றவில்லை. என் பலமும் அந்த இரண்டு தடியன்களின் பலமும் சேர்ந்து, உம்சுனை, நான் குதிரையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தேன். சேணத்தில் என் அங்கி மட்டும் உட்கார்ந்திருந்தது.

ஒரு கிழவர், “சம்பந்தி ஏறினாரா, இறங்கினாரா?” என்று கேட்டார். எல்னுரா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எந்தக் கதைக்குப் பயந்து இவ்வளவும் செய்தேனோ, அதை நானே நல்ல வெளிச்சத்தில் எல்லோருக்கும் செய்து காட்டிவிட்டேன்.

ஷார்ஷென் பையன்கள் பக்கம் திரும்பினார். “அறிவு இருக்காடா? விருந்தாளிய மூட்டை மாதிரியா தூக்கிப் போடுவீங்க?” பையன்களின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அங்கே ஒரு கதவு திறந்தது. தூசியைத் தட்டிக்கொண்டு, ‘சின்னப் பசங்க, விடுங்க சம்பந்தி’ என்று பெருந்தன்மையாகச் சொன்னால் போதும், நான் தப்பித்தேன். அந்தச் சின்னவன் என்னைப் பார்த்தான். நாளைக்கு நம் பெண்ணைத் தினமும் அண்ணி என்று கூப்பிடப்போகிறவன்.

“பசங்க மேல தப்பில்ல சம்பந்தி,” என்றேன். “நானா ஏறப் பழக ஆரம்பிச்சே நாப்பது நாள்தான் ஆச்சு. அன்னிக்கு நெருப்புன்னு சொன்னது வாய்க்கொழுப்பு. இந்தப் பொண்ணுகிட்டதான் கத்துக்கிட்டேன். தூக்கிவிடுவாங்கன்னு ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்ல.”

ஷார்ஷென் தாடியைத் தடவினார். “நாப்பது நாளா?”

“நாப்பத்தி ரெண்டு,” என்றாள் பெர்மெத். கணக்கில் கறார்.

“இந்த நெருப்ப தேடி நான் எட்டு கிராமம் அலைஞ்சேன், தெரியுமா?” என்றார். “தெரியும். அதான் எட்டு கிராமத்துக்கும் சேர்த்து ஒரே தடவையா விழுந்துட்டேன்,” என்றேன். முதலில் அவர் மனைவி சிரித்தாள். பிறகு அவர். அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. சிரித்து முடித்தவர், பையன்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானே போய் மறுபக்க அங்கவடியைச் சேணம் சரியாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எண்பது குதிரைக்காரர் அப்படி யாருக்கும் பிடித்து அந்த ஊர் பார்த்ததில்லையாம். “ஏறுங்க. நீங்க கத்துக்கிட்ட மாதிரியே ஏறுங்க. ஒருத்தனும் தொட மாட்டான்.”

ஏறினேன். வேலிவரை போனேன். திரும்பினேன். குதிரை எனக்கு முன்பே திரும்பிவிட்டது என்பதை பெர்மெத் மட்டும் கவனித்தாள். நடுவில் ஒருமுறை துள்ளியது. பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு காதுகளுக்கு நடுவே பார்த்தேன். எல்னுரா கையைத் தட்டிக்கொண்டே கூட ஓடிவந்து, “அப்பா, மேலயே இருக்கீங்கப்பா!” என்று கத்தினாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான், தூசி என்று வைத்துக்கொள்.

காரில் வரும்போது பெர்மெத் நோட்டை எடுத்துக் குறி போட்டாள். விழுந்ததற்குமா என்று கேட்டேன். “தரையிலிருந்து ஏறி, வேலிவரை போய், திரும்பி வரணும்னுதானே எழுதினோம்? விழக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே பாய்கே.”

எல்னுராவுக்குக் கதை ஒட்டிவிட்டது, அதை மறைக்க மாட்டேன். அந்த ஊரில் அவள் இப்போது ‘குதிரையைத் தாண்டினவர் மகள்’. ஆனால் நான் பயந்த மாதிரி யாரும் குரலைத் தாழ்த்தி அதைச் சொல்வதில்லை. சம்பந்தியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுப் பெண்களிடம் அப்படித்தான் அறிமுகம் செய்தாளாம். எல்னுரா நான் பறந்ததை நடித்தே காட்டினாளாம். அவளுக்கு என் வாய். உன் தைரியம்.

அந்த நெருப்பைச் செப்டம்பர் வரை ஷார்ஷென் மந்தையிலேயே விட்டு வந்திருக்கிறேன். கல்யாணம் செப்டம்பர் பத்தொன்பது. மறுநாள் பெண்ணை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவள் அறையை என்ன செய்வது, அவள் இல்லாமல் ரொட்டிக்கு எவ்வளவு மாவு பிசைவது என்றெல்லாம் எனக்குத் தெரியாது; ஒருவனுக்கு எவ்வளவு என்று கற்றுக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.

எத்தனை நாள் விடுப்பு கேட்டிருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. உன் முதுகு நன்றாக இருக்கட்டும், உன் பயணம் சுகமாக இருக்கட்டும். வரும்போது உன் குளிர்காலக் கோட்டும் பூட்ஸும் எடுத்து வா. செப்டம்பரில் இங்கே அவ்வளவு குளிராது, தெரியும். ஆனாலும் எடுத்து வா.

உன்,
எசென்