விரல் மடங்காத எலி

உடுவில்

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

நகுலேஸ்வரப் பெருமான் துணையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகன் கஜானனும் சுகம் என்று நானே எழுதிவிடுவது வழக்கம், இந்த முறை அப்படி எழுத மனம் வரவில்லை, நீதான் சொல்ல வேண்டும். போனில் கேட்டால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுவா, அதனால்தான் தபால்.

மழை பிந்தினாலும் வெங்காயம் பரவாயில்லை. அம்மாவுக்குத்தான் ஒரே புளுகம், சந்தோசத்தில் கால் நிலத்தில் இல்லை. நீ சரக்குத்தூள் கேட்டாயாம். பிள்ளை பெற்றவர்களுக்கு வீக்கம் வற்றக் காய்ச்சுகிற தூளை மெல்போர்னில் இருக்கிறவள் சும்மா கேட்பாளா, "பேரப்பிள்ளை வரப்போகுது, உவள் வெக்கத்திலை சொல்லுறாள் இல்லை" என்று மல்லியும் மிளகும் வறுக்கிறா. எனக்கு அந்தச் சந்தோசம் வரவில்லை. கத்தரிக்காயும் இறாலும் கிரந்தி, வீக்கத்தைக் கிளப்பும் என்று அம்மா சொன்னால் விழுந்து விழுந்து சிரித்த நீ, போன கிழமை வேறு எதெல்லாம் கிரந்தி என்று கேட்டாய்.

பிறகு உன் ஆராய்ச்சியைச் சொன்னாய். இரத்தத்து வெண்குழியத்துக்குள் இருக்கிற நொதியம் கிருமியைக் கண்டதும் வீக்கத்தைக் கிளப்பும், கிருமி புகுந்த உயிர்க்கலத்தைச் சாகவும் வைக்கும், ஆள் மாறிப்போனால் நல்ல கலத்தையும் அழிக்கும் என்றாய். பூச்சிக்கு அடித்த மருந்தில் வெங்காயத்தாள் கருகுவது மாதிரி என்று நானும் விளங்கிக்கொண்டேன். அதுவரை சரி. ஆய்வுகூடத்து எலிகளைப் பற்றிச் சொல்லும்போது, "காலமை எழும்பினால் விரல் மடங்காது அப்பா, தேத்தண்ணிக் கப்பைக்கூடப் பிடிக்கேலாது" என்றாய். எந்த எலி பிள்ளை தேத்தண்ணி குடிக்கிறது? நீ உடனே கதையை மாற்றினாய், நானும் சிரித்துவிட்டு வைத்தேன், ஆனால் பயந்துபோனேன். இப்போதெல்லாம் வீடியோவில் முகம் மட்டும் காட்டுகிறாய். கலியாண மோதிரம் விரலில் இல்லாமல் சங்கிலியில் தொங்குகிறது. கஜானனைக் கேட்டால் "அவ நல்லா இருக்கிறா மாமா" என்று பாடமாக்கியதை ஒப்புவிக்கிறார். அம்மா பழைய வெள்ளைச் சீலைகளைத் துவைத்து, பிள்ளைக்கென்று கிழித்து மடித்து வைக்கிறா. அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது? நோய் வருத்தம் என்றால் அப்படியே சொல், தாங்குவேன். ஒளித்தால்தான் தாங்கமாட்டேன்.

டொக்டர் தரும் மருந்தை ஒரு வேளையும் விடாதே. பெருமான் உங்கள் இருவரையும் காக்கட்டும். இது கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை காலமை அம்மா கீரிமலைக் கோயிலுக்குப் போயிருப்பா, மறக்காமல் அப்போது வீடியோவில் எடு. முகத்தைப் பிறகு பார்க்கிறேன், முதலில் இரண்டு கையையும் காட்டு.

இப்படிக்கு
உன் அப்பா
ஏ. குகதாசன்