நான் ஏறாத உச்சி

மார்ச் 3, திங்கள்

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்டைச் சரிசெய்து, ஏழுலகப் போக்குவரத்தை மீட்டுக் கொடுத்தேன். ஆறாம் மாடியில் சிக்கியிருந்த பெரியவர் என்னைக் கடவுளைப் போல் பார்த்தார். பிறகு ஏன் இவ்வளவு தாமதம் என்று திட்டினார்.

மாலையில் அக்கா மகள் வந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஊரார் எலும்பையெல்லாம் பார்ப்பவள், என் கதைகளை மட்டும் துருவிப் பார்த்ததே இல்லை. லீவு கிடைத்திருக்கிறதாம். "உங்க மலைக்குப் போலாம் மாமா. நீங்க வழி காட்டுங்க."

என் மலை. இருபது வருடமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே நான் ஏறிக்கொண்டிருக்கும் மலை.

மார்ச் 9, ஞாயிறு

வரைபடத்தை விரித்தாள். நான் அளந்ததையெல்லாம் குறித்து வைத்திருக்கிறாள். இரண்டாம் முகட்டுக்கு மேலே நீல வட்டம்: 'மாமா ஊற்று'. ஒரு வாய் குடித்தால் மூன்று நாள் பல் கூசும் என்று நான் வர்ணித்த அதே ஊற்று. என் பெயரில் ஒரு நீர்நிலை! பூரித்துப்போனேன்.

இருபது வருடத்துக்கு முன்னால் ஏறப் போன அன்று நான் திரும்பியதே இரண்டாம் முகட்டில்தான். அதற்கு மேலே இருப்பதெல்லாம் என் வாய் கட்டிய மலை. சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

மார்ச் 14, வெள்ளி

முழங்கால் தாங்குமா என்று மனைவி கேட்டாள். இரண்டும் போர்க்குதிரைகள் என்றேன். குதிரைகளுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

மார்ச் 15, சனி

நாள் முழுக்க நடை. பாதை மறைந்து, காடு மட்டும் கூட வந்தது. ஓடையோரம் கூடாரம். மூடுபனி மரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறது. கண்ணை மூடினால் நானும் அதில் கரைந்துவிடுவேன் போலிருக்கிறது.

ஓடையில் அக்கா மகள் ஆளுக்கு ஒரு பாட்டில் மட்டும் நிரப்பினாள். சுமை குறையட்டும், மேலேதான் ஊற்று இருக்கிறதே என்றாள். நான் கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கட்டிய கயிறு.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாம் முகடு. மேகம் காலடியில் பால் போல் கிடந்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. என் பாட்டில் எப்போதோ காலி. அவள் தன்னுடையதைத் திறந்து முகம் கழுவப் போனாள்.

"வேணாம்மா. மேல ஊத்து இல்ல."

கை அப்படியே நின்றது. "வத்திடுச்சா மாமா?"

எவ்வளவு அழகான வழி. தலையை ஆட்டினால் போதும். வேறு நாளாக இருந்தால் ஆடியும் இருக்கும்.

"வத்தல. இருந்ததே இல்ல. நான் இதுக்கு மேல போனதே இல்ல. அன்னைக்கு பனி வந்துது, கால் நடுங்கிடுச்சு, திரும்பிட்டேன்."

பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கால் பங்கு இருந்தது. முதலில் என்னைக் குடிக்கச் சொன்னாள். பிறகு இறங்க ஆரம்பித்தாள்.

மார்ச் 29, சனி

அக்கா மகள் இன்றும் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

வந்தாள். வாசலிலேயே நின்றாள். "வத்திடுச்சான்னு நானே எடுத்துக் குடுத்தேன். ஆமான்னு சொல்லிருந்தா தப்பிச்சிருப்பீங்க."

"தோணுச்சு," என்றேன்.

"அடுத்த வாரம் போறோம். ஆளுக்கு நாலு லிட்டர். நான் முன்னாடி, நீங்க பின்னாடி."

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று ஏறினோம். முகட்டுக்கு மேல் நடை கிடையாது. நான்கு காலால் தவழ்கிற பாறைதான். இடது காலை எங்கே வைப்பது, வலது கையை எதில் பிடிப்பது என்று மேலிருந்து சொல்லிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் என்னால் நகரவே முடியவில்லை. அவசரமில்லை மாமா என்று சொல்லிவிட்டு, எனக்காகப் பாறையோடு பாறையாகக் காத்திருந்தாள்.

உச்சியில் ஏழு நிமிடம் இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள், கதை கேட்க. மேலே என்னடா பார்த்தே என்றாள்.

"பாறை அக்கா. சுத்தி ஒரே பனி. வேற ஒண்ணும் தெரியல."

அவள் நம்பவில்லை. நான் எதையோ மறைக்கிறேனாம். மகளைக் கேட்டாள்.

ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "மாமா சொன்னா சரியாத்தான்மா இருக்கும்."