முன்னங்கை எலும்புகள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

போனை எடுத்தால் இரண்டு பேரும் கத்தித் தீர்க்கிறோம். "எழுதித் தொலைங்க, என் காதாவது பிழைக்கும்" என்று அம்மா சொன்னது நல்ல யோசனைதான்.

இடைக்கால வரலாற்றில் முதுகலை என்றால் ராஜா ராணிக் கதை என்று கிண்டல் செய்வாயே, இப்போது என் மேசையில் கிடப்பதைக் கேள். கோட்டைச் சுவருக்கு வெளியே ஒரு குழியில் கிடைத்த எலும்புகள். அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தியவை. 'கலகக்காரர்கள் ஆயுதம் ஏந்திப் போரிட்டு வீழ்ந்தனர்' என்று அரசவை வரலாற்றுக்காரர் எழுதி வைத்திருக்கிறார். எலும்புகள் அப்படிச் சொல்லவில்லை. வெட்டெல்லாம் பின்மண்டையில். முன்னங்கைகள் குறுக்கே உடைந்திருக்கின்றன. தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்கியவர்களுக்குத்தான் அங்கே அடி விழும். நேற்று ஒரு தாடையை எடுத்தேன். பால்பல் இன்னும் விழவில்லை. "அழணும்னா வெளிய போய் அழுதுட்டு வா, எலும்பு நனையக்கூடாது" என்றார் பேராசிரியை. போய் அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்களோடு ஏதோ தகராறாமே? அம்மா பாதி சொல்லி மீதியை விழுங்கினாள். நீ தலையிடாதே.

உன்னை அடிக்கவும் அணைக்கவும் உரிமையுள்ள
அக்கா


ஜனவரி 24

எலும்பு டாக்டர் அக்காவுக்கு,

செத்தவர்களுக்கு அழுதது போதும். இங்கே உயிரோடு இருப்பவர்களைப் பற்றியும் கொஞ்சம் கேள்.

லாரி நிறுத்தும் இடம் யாருக்கு என்பதில் தொடங்கியது. அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து எங்கள் லாரி சங்கக் கொட்டகையைக் கொளுத்தினார்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நம் பட்டறை டிங்கர் பையன் வெளியே ஓடி வந்தபோது அரிவாளால் ஒரே வெட்டு. காது தொங்கியது. நான்தான் அதைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் சட்டையெல்லாம் அவன் ரத்தம். அம்மா துவைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டாள்.

மறுநாள் நாங்களும் போனோம். இரண்டு பேருக்குக் கால் ஒடிந்தது. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

பட்டறையில் இப்போது கேட் வேலையைவிடக் கம்பி வேலைதான் அதிகம். கை வழுக்காமல் பிடி வைத்து நானே வெல்டிங் செய்து கொடுக்கிறேன். "உன் கைராசி வேற மாதிரிடா" என்கிறார் சங்கத் தலைவர்.

அம்மாவிடம் இதையெல்லாம் உளறாதே.

உன் தம்பி


பிப்ரவரி 2

தம்பி,

கைராசியா? நீ அனுப்பும் கம்பி யார் தலையில் இறங்கும் என்று தெரியுமா உனக்கு? டிங்கரின் காதை நினைத்து எனக்கும் வயிறு எரிகிறது. வெட்டியவன் மேல் புகார் கொடு, சாட்சி சொல். மறுநாள் கால் ஒடிந்தவர்களில் வெட்டியவன் இருந்தானா?

இன்னொன்று. சைக்கிள் கடை அண்ணனுக்குப் பிறந்த இடம் அந்தப் பக்கம். கல்யாணமாகி நம் தெருவுக்கு வந்து இத்தனை வருஷம் உன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர். அவர் மனைவி என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். கைக்குழந்தை இருக்கிற வீடு. அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. நீ பார்த்துக்கொள். இதை உன்னிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன்.

உடனே பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 21
சித்தப்பா வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு இந்நேரம் சேதி வந்திருக்கும். நம்பாதே. சைக்கிள் கடைக்காரர்தான் முதலில் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேல் பாய்ந்தார். தடுத்தோம். கால் தடுக்கி விழுந்தார், கல்லில் தலை மோதியது. அவ்வளவுதான். நாங்கள் பேசத்தான் போனோம்.

போலீஸ் என்னைத் தேடுகிறது. உன்னிடமும் வருவார்கள். அன்று நான் உன் ஊரில், உன்னோடு இருந்தேன் என்று மட்டும் சொல். நீ படித்தவள், உன் பேச்சை நம்புவார்கள். சின்ன வயசில் நாய் துரத்தினபோது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாயே, இப்போது விட்டுவிடுவாயா? நான் உள்ளே போனால் அம்மா தாங்கமாட்டாள்.

ஒரே ஒரு வார்த்தை, அக்கா.

தம்பி


மார்ச் 4

தம்பி,

இன்ஸ்பெக்டர் விடுதிக்கு வந்தார். வரவேற்பறையில் உட்காரக்கூட இல்லை.

"அன்னிக்கு உங்க தம்பி உங்ககூட இருந்தாராம்மா?"

"இல்ல சார். இந்த ஊருக்கு அவன் வந்ததே இல்ல."

"இப்ப எங்க இருக்கார்னு தெரியுமா?"

சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுத்தேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் அவர்கள் வந்திருக்கலாம்.

உன் கடிதம் வந்த அன்றே சைக்கிள் கடை அண்ணனின் மனைவிக்குப் போன் செய்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஷட்டர இறக்கிட்டு உள்ள வாங்கன்னு நான்தான்டி சொன்னேன். குனிஞ்சு இறக்கும்போது பின்னாடியிருந்து போட்டாங்க. விழுந்தவரு ரெண்டு கையையும் தலைக்கு மேல வச்சுக்கிட்டாரு. கை ஒடியற வரைக்கும் அடிச்சாங்க. ஒடிஞ்சப்புறம் தலையில. பேர் சொல்லிக் கூப்பிட்டாரு உன் தம்பிய. அவன் நிறுத்தல" என்றாள். பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்துச் சொல்லச் சொன்னாள். படித்துச் சொன்னேன். அதற்குத்தானே படிக்கிறேன்.

கல்லில் விழுந்தவனுக்கு இரண்டு முன்னங்கையும் உடையாது. நீயும் அந்த அரசவைக்காரர் மாதிரியே எழுதியிருக்கிறாய். அவர் ராஜாவுக்காக எழுதினார். நீ எனக்காக எழுதினாய், அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மா என்னோடு பேசுவதில்லை. உனக்கு வக்கீல் பார்க்கிறாள். நான் தடுக்கவில்லை. நீ சாப்பிட்டாயா என்ற நினைப்பு இன்னும் தினமும் வருகிறது. அதையும் என்னால் தடுக்க முடியவில்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயிலேறி வந்துவிடுவேன். கூண்டில் நின்று என்னைத் தேடுவாய் என்று தெரியும். அம்மா பக்கத்தில் தேடாதே. நான் என் பெஞ்சுத் தோழி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு.

அக்கா