ஸ்தூரே எங்கே என்று யாரும் கேட்கவில்லை

இங்கெலாவின் வீடு,
ஜூன் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் மாலினுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நியூசிலாந்தில் இப்போது குளிர் பிடித்திருக்கும். கழுத்தை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்பாய். நானும் "சரிடி" என்றுவிட்டு மழையைப் பற்றிப் பேசுவேன். கிறிஸ்துமஸிலிருந்து அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். கிறிஸ்துமஸிலிருந்து உன் புருஷன் யெஸ்பெரின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் அவன் வேலைக்குப் போயிருக்கிறான் என்கிறாய். அவனைப் பற்றிக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் இங்கே நடந்ததைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு என்னால் வர முடியாது.

வழக்கம்போல நடுக்கோடைப் பண்டிகைக்குத் தீவில் இங்கெலா, ஸ்தூரே தம்பதி வீட்டுக்குத்தான் வந்தோம். வருஷா வருஷம் அதே நாள், அதே நேரம் என்பதால் முன்கூட்டிப் போன் பேசிக்கொள்வதில்லை. படகுத்துறையில் இங்கெலா மட்டும் நின்றாள். ஸ்தூரே எப்படி வரவேற்பான் என்று உனக்குத் தெரியும். "வந்துட்டாங்கய்யா நகரத்து மூட்டைங்க" என்று தீவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான். இந்த முறை சத்தமே இல்லை. இங்கெலா என்னைக் கட்டிப்பிடித்து, "இந்த வருஷம் படகு நான்தான் ஓட்டுறேன். பயப்படாம ஏறுங்க" என்று சிரித்தாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

துறையில் மீன்கடைக்காரி என் கையைப் பிடித்து, "நீங்க வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு. அவளுக்கும் துணை வேணுமில்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கடலில் குளிக்கப் போகும் வழியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார். "பாத்தியா, ஊருக்கே தெரிஞ்சிருக்கு. ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க" என்றார். "கேட்டுப் பாக்கட்டுமா?" என்றேன். "உனக்கென்ன பைத்தியமா மாரித்? சொல்லணும்னா அவளே சொல்லுவா. நாம போய் மூக்கை நுழைக்கிறதா?" என்று அடக்கிவிட்டார். எனக்கும் அதுதான் நாகரிகம் என்று பட்டது. நம்மை அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள். உன்னையும் நாங்கள் அப்படித்தான் வளர்த்தோம்.

மறுநாள் இங்கெலா எங்களைச் சீல்கள் படுத்திருக்கும் பாறைகளுக்குக் கூட்டிப்போனாள். ஒரு குட்டி எங்கள் படகையே முறைத்துப் பார்த்தது. அப்பா அதற்கு உன் பெரியப்பா பெயரை வைத்தார், மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பாறையில் உட்கார்ந்து இலவங்கப்பட்டை பன்னும் காப்பியும் சாப்பிட்டோம். ஸ்தூரேவின் தொப்பி படகின் கொக்கியில் தொங்கியது. எல்லாரும் பார்த்தோம், எல்லாரும் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டோம்.

பண்டிகையன்று பூக்கம்பத்தைச் சுற்றி ஆடினோம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் தவளைபோலக் குதித்தார். பிறகு தோட்டத்தில் சாப்பாடு. ஹெர்ரிங் மீன் ஊறுகாயில் மூன்று வகை, சோம்புக்கீரை தூவிய புது உருளைக்கிழங்கு, புளித்த பாலேடு, ஸ்ட்ராபெரி கேக். மீன் அத்தனை பதமாக இருந்தது. பக்குவம் கேட்டேன். "இது ஸ்தூரே போட்டது. மே மாசக் கடைசியில போட்டு வச்சான்" என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "கடுகு தூக்கலா இருக்கு" என்று சொல்லி இன்னும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது கிண்ணம் சாராயம் உள்ளே போனதும் உன் அப்பாவுக்கு நாக்கு நழுவிவிட்டது. எழுந்து நின்று கிண்ணத்தை உயர்த்தி, "நம்மள விட்டுட்டு ஓடிப்போன கேப்டனுக்கு! எந்தச் சிறுக்கி வீட்டுல ஒளிஞ்சிருந்தாலும் நல்லா இருக்கட்டும்!" என்றார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். குடிக்கும்முன் கண்ணோடு கண் பார்க்க வேண்டும் அல்லவா, இங்கெலா அவர் கண்ணை நேராகப் பார்த்தாள், குடித்தாள், கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு குடிக்கும்போது பாடும் பாட்டைத் தொடங்கியதும் அவள்தான்.

அடுத்த நாள் மார்ஸ்ட்ராண்ட் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தோம். இங்கெலா கடைக்குப் போயிருந்தாள், நாங்கள் துறையில் நின்றோம். பக்கத்து வீட்டு அல்வார் வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார். "வெள்ளிக்கிழமை இருப்பீங்கதானே ரூல்ஃப்? பெட்டி தூக்க ஆறு பேர் வேணும். உங்களையும் சேத்துத்தான் கணக்குப் பண்ணியிருக்கோம்" என்றார்.

"யாரோட பெட்டி?" என்று அப்பா கேட்டார்.

அல்வாரின் முகம் வெளுத்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஸ்தூரேவோட பெட்டிதான்... உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தலையில் இடி விழுந்தாற்போல இருந்தது மாலின். படகு கட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். ஜூன் தொடக்கத்தில், படகுக்கு வண்ணம் பூசும்போது தூரிகையோடு சாய்ந்திருக்கிறான். நெஞ்சுவலி. நம் நாட்டில் அடக்கத்துக்கு வாரக்கணக்கில் காத்திருப்பது உனக்குத் தெரியாததல்ல. நாங்கள் சீல் பார்த்த நாளிலும், தவளை ஆட்டம் ஆடிய நாளிலும் அவன் மருத்துவமனைக் குளிரறையில் கிடந்திருக்கிறான். அவன் கையால் போட்ட மீனைத் தின்றுகொண்டே அவனைச் சிறுக்கி வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். உன் அப்பா துறைப் பலகையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

நான் ஓடினேன். இங்கெலா கடையிலிருந்து வந்து பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஏன் சொல்லல இங்கெலா? ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்று கத்தினேன். நான் கத்தி நீ கேட்டிருக்கமாட்டாய்.

அவள் உட்கார்ந்தாள். "அவன் போன சேதியைப் பேப்பர்ல போட்டிருந்தேன். அதைப் பாத்துட்டுத்தான் வரீங்கன்னு நெனச்சேன். மனசு நோகக்கூடாதுன்னு பேச்செடுக்காம இருக்கீங்கன்னு நெனச்சேன். ரூல்ஃப் எந்திரிச்சு அப்படிச் சொன்னப்பதான் உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு தெரிஞ்சுது. கிழங்கு ஆவி பறந்துட்டிருக்கு, அங்க எப்படிச் சொல்றது?" என்றாள். பிறகு, "யாராவது கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன் மாரித். ஒரு வார்த்தை, ஸ்தூரே எங்கன்னு. நீங்க யாரும் கேக்கவே இல்லியே" என்றாள்.

அந்த வார்த்தை என் ஈரக்குலையை அறுத்துவிட்டது. அவள் போட்டது உள்ளூர்ப் பேப்பர், அவ்வளவு தள்ளி போரோஸில் இருக்கும் எங்கள் கண்ணில் எப்படிப் படும்? அது கிடக்கட்டும். முப்பது வருஷச் சிநேகிதி. அவள் புருஷனைக் காணோம், தொப்பி தொங்குகிறது, ஊரே ஒரு மாதிரிப் பார்க்கிறது. நான் பன்னைக் கடித்துக்கொண்டு கடலை வேடிக்கை பார்த்திருக்கிறேன். இதற்குப் பெயர் நாகரிகமாம்!

அப்புறம் கேட்டேன். எப்படி விழுந்தான், யார் முதலில் பார்த்தது, வலித்ததா, கடைசியாக என்ன சொன்னான் என்று எல்லாவற்றையும் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல அழுதாள், அழ அழச் சொன்னாள். பையிலிருந்த பால் கெட்டே போய்விட்டது. அப்பா உள்ளே வந்து அவள் முன்னால் நின்றார். "உக்காரு ரூல்ஃப். நீ சொன்னதை ஸ்தூரே கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்" என்று அவள்தான் அவரைத் தேற்றினாள்.

நாங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. அப்பாவிடம் கறுப்புக் கோட்டு இல்லை. இங்கெலா ஸ்தூரேவின் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். கை குட்டை, வயிறு இறுக்கம். அதைப் போட்டுக்கொண்டு அவர் ஸ்தூரேவைத் தூக்கினார். கல்லறை வரைக்கும் உன் அப்பா தேம்பியதை ஊரே பார்த்தது.

இனி உன் விஷயம். யெஸ்பெர் வீட்டுக்குள்ளே நலமாக இருந்தால், இதைப் படித்து இரண்டு பேரும் கிழவிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சிரியுங்கள். எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. அவன் உன்னைவிட்டுப் போயிருந்தாலும், நீ அவனை விட்டிருந்தாலும், நோயில் கிடந்தாலும், எதுவானாலும் நீ எங்கள் பிள்ளைதான். அப்பா பக்கத்து அறையில் உன் ஊருக்கு விமானம் தேடிக்கொண்டிருக்கிறார். கூப்பிடாத வீட்டுக்கு, பெற்ற மகள் வீடானாலும், இதுவரை நாங்கள் போனதில்லை. இந்த முறை வருகிறோம். ஏன் வந்தீர்கள் என்று கத்தினால் கத்து, வாசலில் நின்று கேட்டுக்கொள்கிறோம்.

நீ நல்லா இருக்கணும் கண்ணே. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

மாலின், யெஸ்பெர் எங்கேடி?

கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா,
மாரித்.